சந்தோஷத்துக்கு ஒரு வண்டி

மூன்று வண்டிகள் என்று நவ்ஷாத் சொன்னான், வேப்பமரத்தடியில் மூக்கை வெயிலுக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன, பிடித்ததை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள் மாஸ்டர் என்றும் சொன்னான், ஆனால் ஆறுச்சாமிக்குத் தெரிந்தது ஒன்றரை வண்டி. வலது ஓரத்தில் ஒரு சிவப்பு முழுசாக, அதற்கு இந்தப் பக்கம் ஒரு மஞ்சளில் பாதி, அப்புறம் ஒன்றுமில்லை. இருட்டு என்று சொல்ல முடியாது. இருட்டாக இருந்தால்கூடத் தேவலை, அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று மனசு உஷாராக இருக்கும். முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது, அந்த மாதிரி ஒரு இல்லாமை. கழுத்துச் சுளுக்கை எடுப்பவர்போல மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார். மஞ்சள் வண்டி முழுசானது, அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஜீப் அந்த நிமிஷம்தான் பிறந்ததுபோல வந்து நின்றது, ஜீப்புக்கும் அப்பால் அவர் மனைவி சுலோச்சனா, புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள்? நான் தலையைத் திருப்பியதையும் சேர்த்துப் பார்த்தாளா? சிரித்துவைத்தார். அவளும் சிரித்தாள். பங்குனியில் ஒரு நாள் காலையில் வேட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது பின்மண்டையில் யாரோ சூடான கையை வைத்தது மாதிரி இருந்தது, கட்டிலில் உட்கார்ந்தார், மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது, பித்தம் என்று எலுமிச்சங்காய் பிழிந்து குடித்தார். அடுத்த வாரம் தன் வீட்டுக் கேட்டுத் தூணிலேயே ஃபியட்டின் இடது முன்விளக்கை இடித்தார். தான் நின்று கட்டிய தூண். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று தனியாகத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கே டாக்டரம்மா ஒரு கூண்டுக்குள் தலையை வைக்கச்சொல்லி வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார், அப்புறம் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அப்புறம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே சொன்னார்: "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க. பின்மூளையில ரத்தம் போகாம ஒரு சின்ன எடம் செத்துப்போயிருக்கு. ரெண்டு கண்ணுலயுமே எடது பாதி இனி வராது. மாத்திரை மறுபடி வராம இருக்கத்தான். வண்டி மட்டும் ஓட்டக்கூடாதுங்க." சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர் ஃபியட்டை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். பவர் கூடியிருக்காம் என்று சுலோச்சனாவிடம் சொன்னார். அந்தப் பொய்க்குச் சாட்சியாக மூக்கின்மேல் ஒரு புதுக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.

வேறெப்படி வருவது? பஸ்ஸிலா? ஆறுச்சாமி மாஸ்டர் பஸ்ஸில் வந்தார் என்றால் வடவள்ளியில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஸ்ரீ மாகாளி டிரைவிங் ஸ்கூல், மஞ்சள் போர்டு, சிவப்பு எல். ஃபியட் அந்த ஸ்கூலின் முதல் வண்டி, ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருக்கிற பழைய மாடல். மற்ற வண்டிகளையெல்லாம் ஸ்கூலோடு சேர்த்துக் கைமாற்றிவிட்டபோது அதை மட்டும் வைத்துக்கொண்டார், மார்க்கெட்டுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், இழவுக்கும் அதுதான். ஆயுசில் முக்கால்வாசியை இடப்பக்கத்துச் சீட்டில் கழித்தவர். வலப்பக்கத்தில் யாரோ ஒருவர் பயந்து பயந்து ஓட்ட, இடக்கால் பக்கத்தில் தனக்கென்று வைத்த இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, லெஃப்ட் பாரு, லெஃப்ட் பாரு, வலது உன்னைப் பார்த்து ஒதுங்கும், இடதுதான் செத்துப்போகும், நடக்கிறவன், சைக்கிள்காரன், கிழவி, நாய் எல்லாம் இடதுதான், லெஃப்ட் பாரு. தொண்டை வறள அதைச் சொன்னவர். ஓட்டுவது ஒரு சந்தோஷம் என்பதே மறந்துபோகும்வரை சொன்னவர். எல்லாம் முடிந்தபிறகு நமக்கென்று இன்னொரு வண்டி வாங்குவோம் அம்மிணி என்று ஒரு காலத்தில் அவர்தான் சொன்னது, ஃபியட் சோத்துக்கு, அந்த வண்டி சந்தோஷத்துக்கு, மலைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். அவளுக்கு அப்போது அது காதிலேயே விழவில்லை. காரைப் பற்றி என்றைக்காவது ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? இப்போது என்ன வந்தது? சித்திரை பிறந்ததிலிருந்து வாரம் ஒரு முறை போனை நீட்டுகிறாள், ஏனுங்க இதப் பாருங்க, கூரை தெறக்குமாம், ஏனுங்க இது ரெண்டே பேரு உக்காரறதாம், சொன்னீங்கல்ல ஒருக்கா, வாங்கிரலாமுங்களா. வாங்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னார். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்ற கேள்விக்குப் பின்னால் அந்த டாக்டரம்மா பேனா மூடியோடு நிற்கிறார். தவிர, புதுசாக வண்டி வாங்குகிறவனைப் பார்த்து உனக்குக் கண் தெரியவில்லை என்று யார் சொல்வார்கள்? குருடன் எங்காவது கார் வாங்குவானா? அந்தச் சொல் மனசுக்குள் விழுந்ததும், கால் இடறியவர்போல மஞ்சள் வண்டியின் பேனட்டில் கையை ஊன்றிக்கொண்டார். தகடு சுட்டது. கையை எடுக்கவில்லை.

"மஞ்சளு புடிச்சிருக்குதுங்களா மாஸ்டர்? ரெண்டு கதவுதான், ஆனா ஆளச் சும்மா தூக்கிட்டுப் போகும்" என்றான் நவ்ஷாத். அவனும் ஸ்கூலில் பழகியவன்தான், முதல் நாளே கிளட்சை விட்டுச் சாக்கடையில் இறக்கியவன், இன்று ஊரில் பாதிப் பழைய கார்கள் அவன் கை வழியாகத்தான் போகின்றன. ஆறுச்சாமி வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார், வண்டி வாங்குகிற எவனும் செய்கிற எல்லாவற்றையும் செய்தார். ஆனால் உள்ளே ஓடிய கணக்கு வேறு. மஞ்சளின் இடது முன்தூண் அகலம், அங்கே ஏற்கனவே இல்லாததை அது இன்னும் இல்லாமலாக்கும். ஜீப்புக்குக் கதவே இல்லை, இடப்பக்கம் வெட்டவெளி, ஒரு சைக்கிள் மணி, ஒரு இருமல், ஒரு செருப்புச் சத்தம், எல்லாம் வந்துவிடும், ஆனால் அகலம் ஜாஸ்தி, உள்ளே இருப்பவனுக்கே தெரியாத அகலம். சிவப்பு ஒடுக்கமானது. கூரையை மடித்துவிட்டால் காதுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மூன்று மாசமாக ஃபியட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு அவர் அப்படித்தான் ஓட்டுகிறார், வலது பாதியைக் கண்ணாலும் இடது பாதியைக் காதாலும். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி அவள் பக்கத்து ஜன்னலையும் இறக்கச் சொல்வார். மழையில்கூடச் சொன்னார். ஊரில் ஒருவன் மைலேஜ் பார்த்து வண்டி எடுப்பான், ஒருவன் நிறம் பார்த்து எடுப்பான், நான் எது என் குருட்டுக்கு ஒத்துவரும் என்று பார்த்து எடுக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "செவப்புதான் நவ்ஷாத்" என்றார். "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்று இடப்பக்கத்து இல்லாமையிலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது. எப்போது ஜீப்பைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள்? காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா? இப்படித்தான் இவள் வருகிறாள் இப்போதெல்லாம், சத்தமில்லாமல். இல்லை, முன்னாலும் இப்படித்தான் வந்திருப்பாள், நான் பார்த்திருப்பேன்.

தெரியுமா இவளுக்கு? இந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி, நாக்கு தானாகப் போய்ப் போய் அதைத்தான் தொடுகிறது. காந்திபுரத்தில் அன்றைக்கு நடந்ததை என்னவென்று எடுத்துக்கொள்வது? சிக்னல் தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது ஃபியட் தானாக நின்றது. அவர் கால் பிரேக்கில் இல்லை. முன்கண்ணாடியில் நெற்றி படப் பார்த்தது. இடப்பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் அந்த இன்னொரு பிரேக், அதைக் கழற்றாமலே விட்டிருந்தார், அதன்மேல் சுலோச்சனாவின் கால் இருந்தது. "காலு மாத்தி வெக்கையில பட்டுருச்சுங்க" என்றாள். முகத்தைக்கூட அவர் பக்கம் திருப்பவில்லை. அவர் தலையைத் திருப்பிப் பார்த்தபோது பம்பருக்கு ஒரு கை நீளத்தில் ஒரு அம்மா வாழைத்தார் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது, ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். கால் பட்டிருக்கலாம். படலாம், அந்த இடம் ஒடுக்கம்தானே. பட்ட கால் அவ்வளவு ஆழமாக அமுக்குமா? மூவாயிரம் பேர் கால்களைப் பார்த்தவனுக்குத் தெரியாதா பட்ட கால் எது, மிதித்த கால் எது? தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ளவும் தெரியும். அவளுக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்காததால் தெரியாது. தெரியாததால்தான் வாரம் ஒரு வண்டியைக் காட்டுகிறாள். தெரிந்த ஒருத்தி இப்படி வண்டி வாங்கச் சொல்வாளா? மாட்டாள். ஆகத் தெரியாது. அங்கே வந்து ஒவ்வொரு முறையும் நிம்மதியாக மூச்சு விடுவார், மூச்சு முடிவதற்குள் அந்த வாழைத்தார் அம்மாவின் திறந்த வாய் வந்துவிடும்.

நவ்ஷாத் கூடவே வருவதாக இருந்தான், ஆனால் சிவப்பில் இரண்டே சீட்டு. "உங்களுக்கு எதுக்குங்க மாஸ்டர் ஆளு, தொண்டாமுத்தூர் வரைக்கும் போட்டுட்டு வாங்க" என்று கூரையை மடித்துவிட்டுச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். சுலோச்சனா ஏறி உட்கார்ந்தாள், அதாவது கதவு மூடிய சத்தம் கேட்டது, மல்லிகை வாசம் வந்தது, அவ்வளவுதான், ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே பார்த்தால் பக்கத்துச் சீட்டில் மனைவி என்பவள் ஒரு வாசனையும் ஒரு வளையல் சத்தமும்தான், பங்குனியிலிருந்து அவர் வண்டியில் அவளை அப்படித்தான் கூட்டிப்போகிறார். யார்டை விட்டு வெளியே வரும்போது தலையை இடது, இடது, இன்னும் இடது என்று திருப்பி ஒவ்வொன்றையும் வரவைத்தார், டெலிபோன் கம்பம் வா, பெட்டிக்கடை வா, ஸ்கூட்டர் வா. வடவள்ளிக் கூட்டம் தாண்டும்வரை அப்படித்தான். பிறகு ரோடு நீண்டது. பாக்குத் தோப்புகள். வலது கைப்பக்கம் மருதமலை, எதிரே மேகம் உட்கார்ந்த பெரிய மலைகள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினார், கியர் வெண்ணெயில் கத்திபோல இறங்கியது, முதுகைச் சீட் பின்னாலிருந்து ஒரு பெரிய கை மாதிரித் தள்ளியது, ஐயோ என்று உள்ளே யாரோ சொன்னார்கள், இருபது வயசில் பொள்ளாச்சி ரோட்டில் கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போன யாரோ. ரோடு மட்டமாகத் தெரிகிறது, எவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருக்கிறோம், தார் மடிக்கு வருகிறது. நான்காவது. காற்று நெற்றியில் மோதி முடியைப் பின்னால் இழுத்தது, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் ஊதியது. சுலோச்சனா ஏதோ சொன்னாள். "என்ன அம்மிணி?" என்று கத்தினார். மறுபடி சொன்னாள், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. சிரித்தார், வாய்விட்டு, பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக. கிழவிகள், நாய்கள், டாக்டரம்மாவின் வெளிச்சப் புள்ளிகள், எல்லாம் பின்னால் போய்விட்டன, இந்த ஒரு ரோடு முழுசாக இருக்கிறது, இதில் பாதி இல்லை என்று எவன் சொன்னான், இதோ மலை முழுசாக இருக்கிறது, வானம் முழுசாக இருக்கிறது, நான் முழுசாக இருக்கிறேன். தலையைத் திருப்ப மறந்திருந்தார். காதால் ஓட்டுவதற்கென்று தேர்ந்தெடுத்த வண்டியில் காது முழுக்கக் காற்றாக இருந்தது, அதையும் அவர் கவனிக்கவில்லை. ஒரு சின்னச் சத்தம், மட்டை உதிர்ந்து விழுகிற மாதிரி ஒன்று, இடப்பக்கத்தில். மட்டைதான் என்று நினைத்தார். அப்புறம் அவர் தோளில் ஐந்து விரல்களும் பதிந்தன.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். காற்று நின்றதும் மற்ற எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் வந்தது, இன்ஜின், காக்கைகள், பின்னால் வெகுதூரத்தில் யாரோ ஓடுகிற சத்தம். "என்ன அம்மிணி, என்ன ஆச்சு?" அவள் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டாள், கதவைக்கூட மூடவில்லை. கழுத்தை முழுசாகத் திருப்பியபோது இடப்பக்கத்துக் கண்ணாடி உடைந்த இறக்கைபோலத் தொங்குவது தெரிந்தது. நேற்றைக்கும் நாளைக்கும் நடுவில் யாரோ ஒரு பலகையை உருவி எடுத்துவிட்டதுபோல ஒரு பள்ளம், அதற்குள் விழுந்துகொண்டே அவர் இறங்கி நடந்தார். ரோட்டோரத்தில் ஒரு மொபெட் கவிழ்ந்து கிடந்தது, பின் டயரில் காற்றில்லை, கேரியரிலிருந்து ஒரு வடக்கயிறும் உறையோடு ஒரு அரிவாளும் சிதறியிருந்தன. தென்னை ஏறுகிறவன். நாற்பது வயசிருக்கும். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக, ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கும் அந்தப்பக்கமாக வந்திருக்கிறான். மண்ணில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான், முழங்கைக்குக் கீழே அந்தக் கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. எதிரே டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்திருந்தார்கள், எத்தனை பேர் என்று தெரியவில்லை, தலையைத் திருப்பத் திருப்ப இன்னும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

"எவன்டா அது, ரோடு என்ன உங்கப்பன்…" என்று ஆரம்பித்த குரல் பாதியில் மாறியது. "அட, நம்ம மாஸ்டருங்க. மாகாளி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரு."

"மாஸ்டருங்களா?"

"மாஸ்டரு ஓட்டற வண்டி இடிக்குமா? ஏப்பா காளியப்பா, நீ நடுரோட்டுல தள்ளிட்டு வந்தியா?"

கீழே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். வலியில் முகம் வெளுத்திருந்தது. "மாஸ்டருங்களா… எந்தம்பி உங்ககிட்டத்தானுங்க பழகுனான், இப்ப லாரி ஓட்டறான். நான் ஓரமாத்தானுங்க வந்தேன். வண்டி கனம், எனக்கே தெரியாம ரோட்டுப் பக்கம் சாஞ்சிட்டனாட்ட இருக்குதுங்க." தன்னுடைய கையைப் பார்த்தான். "நாந்தான் சாஞ்சிருப்பனுங்க."

ஆறுச்சாமிக்குத் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. அவர் தயாரிக்கவில்லை, பல வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் தயாரித்தது. பாத்து வரக்கூடாதா கண்ணு. அவ்வளவுதான், அதைச் சொன்னால் போதும், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், அவனே ஆட்டுவான், ஒருவன் போய் ஆட்டோ பிடிப்பான், ஆஸ்பத்திரிச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றால் மாஸ்டர் தங்கமான மனுசன் என்பார்கள், அவன் வெள்ளைக்கோட்டுக்கு அந்தப்பக்கம்தான் வந்தான் என்று யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, ஃபியட்டில் வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக, இன்னும் கொஞ்சம் கழுத்தைத் திருப்பி, லெஃப்ட் பாரு, லெஃப்ட் பாரு. "பாத்து…" என்று வந்தேவிட்டது.

"அந்தண்ணன் மேல தப்பில்லீங்க."

சுலோச்சனாவின் குரல். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, இடப்பக்கம், அந்த இல்லாத இடத்திலிருந்து. "எங்க ஊட்டுக்காரருக்கு எடது பக்கம் பார்வை இல்லீங்க. சுத்தமா இல்லீங்க. மூணு மாசமா இல்லீங்க."

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசம் வந்தது. "அப்பறம் எப்படிங்க வண்டி ஓட்டறாரு?" என்று ஒருவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். கும்பலில் எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியிருக்கும், அதில் பாதி அவருக்குத் தெரிந்தது, தெரிந்த பாதியே தாங்க முடியாததாக இருந்தது. கையில் சாவி இருந்தது. சுலோச்சனா அதை விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டாள், டீக்கடைக்காரரிடம் கொடுத்து நவ்ஷாத்தின் பேரைச் சொன்னாள். "ஆமாங்க" என்றார் ஆறுச்சாமி, யாரிடம் என்றில்லாமல், மண்ணில் கிடந்த வடக்கயிற்றைப் பார்த்து. "அவங்க சொல்றது நெசந்தானுங்க. நாந்தான் இடிச்சேன். இடிச்சதுகூட எனக்குத் தெரியாது."

ஆட்டோவில் காளியப்பனை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். இடது ஓரத்தில் அவர், வலது ஓரத்தில் அவள். யாரோ டீக்கடைத் துண்டால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். பள்ளத்தில் ஆட்டோ இறங்கும்போதெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டான். அவனுக்கு மேலாக, தலையைத் திருப்பாமலே, சுலோச்சனாவின் முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருக்கிறது. எப்போது இப்படி மெலிந்தாள்?

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கேட்டுத் தூணுல இடிச்சதுக்கு அடுத்த வாரம். சோறு போட்டுட்டு உங்க எடது பக்கம் நின்னுட்டிருந்தேன். மோரு எங்கீன்னு சமையக்கட்டப் பாத்துக் கத்துனீங்க. மோருக்கிண்ணம் என் கையில இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு வாராவாரம் வண்டி வண்டின்னு காட்டுனே?"

அவள் வெளியே பார்த்தாள். பாக்குத் தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. "ஒருக்காவாச்சும் வேண்டாமுன்னு சொல்லுவீங்க, ஏன்னு கேக்கலாமுன்னு இருந்தேன். நீங்க எல்லா வண்டிக்கும் சரின்னீங்க."

"நீயே கேட்டிருக்கலாமல்ல."

"கேட்டிருந்தா ஒண்ணுமில்லேம்பீங்க. நானும் நம்பிட்டிருப்பேன்." பிறகு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறவள்போலச் சொன்னாள்: "நம்போணும்னுதான் எனக்கும் ஆசை."

நடுவில் இருந்தவன் இருவர் பேச்சையும் கேட்டானா என்று தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தான், நெற்றி வேர்வை மூக்கின் வழியாக இறங்கி உதட்டில் நின்றது. ஆறுச்சாமி தன் துண்டை எடுத்து அதைத் துடைத்தார். அவன் கண்ணைத் திறந்தான், ஆனால் அவரைப் பார்க்கவில்லை, தலையை வலப்பக்கம் திருப்பி சுலோச்சனாவிடம் கேட்டான்.

"கை கூடிருமுங்களா அம்மா? மரம் ஏறலாமுங்களா?"

"தெரீலீங்கண்ணா" என்றாள் அவள்.